குறி போடாத கேற்

கயிற்றுக்கடை ஒழுங்கை,
திருகோணமலை.
04.01.2025

அன்பு மருமகள் ஷிஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு கடலும் வந்து கைகட்டி நிற்கும் இந்தத் துறைமுகக் கரையில், படகுச் சாமான் கடை என்னும் பேரரசை முப்பத்தொரு வருடமாக ஆண்டுவரும் உன் தாய்மாமன் ஸெய்னுதீன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. பஹ்மியா மாமி சுகம். அவவின் சுகத்தைக் கப்பல்துறையில் நின்றாலும் காது கேட்கும். உனக்கு இருமல் விட்டுதா? விடுதிச் சோற்றில் இன்னும் கல் வருகிறதா? எறியாமல் சேர்த்து வை, படிப்பு முடிய வீடு கட்டலாம்.

மாமியின் போனுக்கு நீ அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. மாமி, அடுத்த வீட்டுக் கிறிஸ்தோபரின் பெண்சாதி, நங்கூரக் கயிறு வாங்க வந்த இரண்டு பேர், எல்லாருக்கும் கிடைத்தது. “உலகம் அழிஞ்ச பிறகு நடக்கிற பேய்ப்படம் மாமா, தொடக்கம் ரெண்டு நிமிசம் மட்டும் எடுக்கோணும்” என்று நீ சொன்னதை மாமி மூன்று தரம் போட்டுக் கேட்டா. பிறகு கிண்ணியாவுக்குப் போன் எடுத்து உன் உம்மாவிடம், “நபீஸா, புள்ளைக்கு ஆரோ என்னவோ செய்துபோட்டாங்கள்” என்றா. ஆகையால் இனி நமக்குள் கடிதம் மட்டும். இந்த வீட்டில் போன் என்பது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தை அழிக்கும் பொறுப்பை என்னிடம் விடு. ஆட்கள் வேண்டுமா, ஐந்நூறு பேர் தருவேன். கப்பல் வேண்டுமா, எது என்று சொல். பேயாக நடிக்க வேறு ஆள் தேடாதே. என் காலைமுகத்தை மாமி முப்பது வருடமாகப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறா.

துஆவுடன்,
மாமா

*

தெஹிவளை.
12.01.2025

அன்பு மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இருமல் குறைந்துவிட்டது. கல் குறையவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள், கதை சொல்லிச் சமாளிக்காதீர்கள்.

ஐந்நூறு பேர் வேண்டாம் மாமா. ஒருவருமே வேண்டாம். நீங்களும் வேண்டாம், கோபிக்காதீர்கள். உங்கள் குரலை மட்டும் வானொலி அறிவிப்பாக எடுப்பேன். இந்த வகைப் படங்களுக்கென்று சில வழக்கங்கள் இருக்கின்றன. அவற்றை எவ்வளவு சரியாகப் பாவிக்கிறோம் என்பதற்குத்தான் எங்கள் திரைப்பட வகுப்பு மிஸ் புள்ளி போடுவா. ஆளில்லாத தெரு, விழுந்து கிடக்கும் சைக்கிள், இரைச்சலுக்குள் அறுந்து வரும் வானொலிக் குரல், கதவுகளில் சிவப்புக் குறி. யாரோ வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி அந்தக் குறி இருக்கும். யார் போட்டது, ஏன் போட்டது என்று படம் சொல்லாது. பார்க்கிறவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் பயப்பட வேண்டும்.

உங்கள் ஒழுங்கையில்தான் எடுக்கப்போகிறேன். கமராவைக் கடைசி வீட்டு வாசல் கேற்றடியில் வைத்தால் மற்ற ஒன்பது கேற்றும் வரிசையாகத் தெரியும். அந்த ஒன்பதிலும் ஒரு வட்டமும் அதற்குள் X மாதிரி ஒரு புள்ளடியும் போட்டால் போதும். தயவுசெய்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் தண்ணீர் வர்ணம்தான். ஒரு வாளி தண்ணீரில் போய்விட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேளுங்கள். அனுமதி எடுத்தோம் என்று நான் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

26ஆம் திகதி ஞாயிறு விடிய வருகிறேன். பாதி ஒழுங்கை பூசைக்குப் போயிருக்கும், மற்றப் பாதி சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்திருக்கும்.

மாமிக்கு ஸலாம். உம்மாவுக்கு எனக்குப் பேய் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

ஷிஃபானா

*

கயிற்றுக்கடை ஒழுங்கை.
29.01.2025

என் மருமகளும் உலகத் திரையின் எதிர்காலமுமான ஷிஃபானாவுக்கு,

ஸலாம். நீ சுகமாய்ப் போய்ச் சேர்ந்தது மாமியின் போன் வழியாக ஊருக்கே தெரியும். என் குரல் இன்னும் சரியாகவில்லை. உன் வானொலிக்காக “எஞ்சியிருப்பவர்கள் வெளியே வரவேண்டாம்” என்று பதினேழு தரம் சொன்னதில் தொண்டை கிழிந்துபோய், வாடிக்கையாளர்களுக்குக் கையால் விலை சொல்கிறேன்.

அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் மயிர் கூச்செறிகிறது. காகம்கூடக் கத்தவில்லை. நான் தடை போட்டிருந்தேன். வட்டமும் புள்ளடியும் நீ கேட்டது. அதன் கீழே T1, T2 என்று ஒன்பது வரை இலக்கமும் அம்புக்குறியும் வந்தது என் சொந்த மூளை. அதைக் கண்டு நீ குதித்தாயே, “மாமா, இதுதான், இதுதான்” என்று! என் கேற்றுக்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய குறி. அரசனுக்கு உரிய மரியாதை.

கடைசி வீட்டு மேர்வினையும் சுதர்ஷிகாவையும் நீ காணக் கிடைக்கவில்லை. அன்று லிங்கநகரில் அவளின் தாய் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நல்ல பெடியன். நில அளவையாளர் ஒருவரிடம் வரைபடம் கீறுகிற வேலை. முத்தலிப் ஹாஜியாரின் வீட்டில் ஏழு மாதமாக வாடகைக்கு இருக்கிறார்கள். அவள் பிள்ளைத்தாய்ச்சி.

குறிகளைப் பற்றிக் கவலைப்படாதே. அவை தம் பாட்டில் போய்விடும். உன்னை ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது முத்தலிப் ஹாஜியார் இரண்டு கேள்வி கேட்டார். நான் மூன்று பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

மாமா

*

தெஹிவளை.
08.02.2025

அன்பு மாமாவுக்கு,

ஸலாம். உங்கள் தொண்டை சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் நித்திரை இல்லாமல் இருக்கிறேன், ஆனால் சந்தோஷமாக.

வெட்டி ஒட்டி முடித்துக் காட்டினேன். விளக்கு போட்டதும் வகுப்பில் இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். மிஸ் சொன்னா, “அந்த இலக்கங்கள்தான் படம். வெறும் புள்ளடி எல்லாரும் போடுவது. இலக்கத்தைப் பார்த்தவுடன் யாரோ கணக்கெடுத்துவிட்டார்கள் என்று விளங்கிவிடுகிறது” என்று. ஏப்ரலில் நடக்கும் மாணவர் திரைப்பட விழாவுக்கு எங்கள் வகுப்பிலிருந்து இதைத்தான் தெரிவு செய்திருக்கிறா. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

படிவத்தில், எல்லா வீட்டாரிடமும் அனுமதி பெற்றோம், குறிகளைக் கழுவிவிட்டோம் என்று உங்கள் வாயை நம்பிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். கழுவிவிட்டீர்கள்தானே?

இன்னொன்று. நேற்று உம்மா போனில், “உன்ட மாமாட ஒழுங்கையில ஒரே கூட்டமாம்” என்றா. என்ன கூட்டம் என்று கேட்டேன். மாமியைத்தான் கேட்க வேணும் என்றா. மாமியைக் கேட்டேன். உங்களைக் கேட்கச் சொன்னா. கேட்கிறேன்.

ஷிஃபானா

*

கயிற்றுக்கடை ஒழுங்கை.
22.02.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். பதில் பிந்தியதற்குக் காரணம் அரசியல். நீ இப்போது சாதாரண ஒரு மாமனுடன் கதைக்கவில்லை. கயிற்றுக்கடை ஒழுங்கைக் காணிப் பாதுகாப்புச் சபையின் தலைவருடன் கதைக்கிறாய். பத்து வீட்டுக்கும் ஒரே தலைவர், போட்டியின்றித் தெரிவு. நான் எவ்வளவோ மறுத்தேன். கிறிஸ்தோபர் தோளில் தூக்கப் பார்த்தார். அவரின் முதுகு பிடித்துக்கொண்டதால் ஊர்வலம் நடக்கவில்லை.

எனது ஆட்சியில் ஒழுங்கைக்குள் ஓர் ஈ நுழைவதானாலும் விலாசம் சொல்ல வேண்டும். தண்ணீர் மீற்றர் பார்க்க வந்தவர் அடையாள அட்டையை மூன்று வீட்டில் காட்டினார். ஐஸ்கிரீம்காரன் ஏன் இரண்டு தரம் சுற்றினான் என்று அரைமணி நேரம் விசாரணை. புல்மோட்டையில் இருந்து கருவாடு கொண்டுவருகிற மனுசி காலால் தூரம் அளந்து நடக்கிறா என்று ஹாஜியாருக்குச் சந்தேகம். அவவுக்கு ஒரு கால் கட்டை, அதனால் அப்படி நடக்கிறா. ஆனாலும் பதிந்து வைத்திருக்கிறோம்.

ஏன் சபை என்று கேட்பாய். காணி சம்பந்தமான சிறு குழப்பம். பெரியவர்கள் விஷயம். நீ படிப்பைப் பார்.

விழாவுக்குத் தெரிவானது கேட்டு மார்பு விரிந்து சட்டையின் இரண்டு பொத்தான் தெறித்தது. ஒரே ஒரு புத்திமதி. அந்தப் படத்தை இப்போதைக்கு இங்கே ஒருவருக்கும் அனுப்பாதே. உன் உம்மாவுக்கும்தான். நாவூறு பட்டுவிடும்.

மாமா (தலைவர்)

*

தெஹிவளை.
25.02.2025

மாமாவுக்கு,

ஸலாம். நான் சுகம்.

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். நான் கேட்டது கழுவினீர்களா என்று. ஐஸ்கிரீம்காரன் வருகிறான், கருவாட்டு மனுசி வருகிறா, தண்ணீர்வாளி எங்கேயும் வரவில்லை. நாவூறுக்குப் பயப்படுகிற ஆளும் நீங்கள் இல்லை.

உம்மாவை நெருக்கிக் கேட்டேன். துறைமுகத்தைப் பெருப்பிக்க ஒழுங்கையை எடுக்கப் போகிறார்களாம். கேற்றிலெல்லாம் சிவப்புக் குறியும் இலக்கமும் போட்டிருக்கிறதாம். கிறிஸ்தோபர் அங்கிள் வீட்டில் சுவாமிப் படங்களையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்களாம்.

அது எங்கள் குறியா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும் மாமா. மற்றச் சொற்களை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃபானா

*

கயிற்றுக்கடை ஒழுங்கை.
09.03.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? ஸஹருக்கு எழும்புகிறாயா? மாமியின் கஞ்சி வழமைபோல, சுவருக்குப் பூசலாம்.

ஓம்.

நீ ஒரு சொல் கேட்டாய், தந்துவிட்டேன். ஆனால் ஒரு சொல்லோடு நிற்க என்னால் ஏலாது என்பது உனக்குத் தெரியும்.

தண்ணீர் வர்ணம் வாங்கித்தான் வைத்திருந்தேன். பூசிப் பார்த்தேன், சளி பிடித்த பிள்ளையின் மூக்கு மாதிரி வழிந்தது. உன் படத்துக்கு அது போதாது என்று தோன்றியது. கடையில் படகின் அடிக்குப் பூசும் சிவப்புப் பெயின்ற் இருந்தது. கடலுக்குள் மூன்று வருடம் கிடந்தாலும் அசையாது. மண்ணெண்ணெய் போட்டால் போய்விடும் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் போட்டதில் என் கைத்தோல் போனது, பெயின்ற் போகவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. ஒழுங்கைக்கு ஒரு அதிசயம் காட்டலாம் என்று இருந்தேன்.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது எல்லாரும் கேற்றடியில் நின்றார்கள். ஹாஜியார் குறியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “ஸெய்னுதீன், இது என்ன பெயின்ற்? உன்ட கடையில இருக்குதா?” என்று கேட்டார். பத்துப் பேர் என் வாயையே பார்த்தார்கள். மகள், என்னைப் பத்துப் பேர் பார்த்தால் நான் என்ன செய்வேன்! “இந்த மாவட்டத்திலயே இது விக்கிறேல்ல ஹாஜியார். இது மேலிடத்துச் சாமான்” என்று சொல்லிவிட்டேன். உடனே கிறிஸ்தோபர், “நம்பரும் போட்டிருக்கு. அப்ப அளந்து முடிஞ்சுது” என்றார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்க இடமே இல்லை. அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு மனுக் கொடுத்தோம். அப்படி ஒரு திட்டமும் இல்லை என்று பதில் வந்தது. “இல்லை எண்டு சொல்லுறாங்கள் எண்டா இருக்குது” என்று சபை ஒரே குரலில் முடிவெடுத்தது. தலைவர் என்ற முறையில் நானும் கைதூக்கினேன்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கதைக்காமல் இருந்த வீடுகள் இப்போது ஒன்றாக இருந்து கதைக்கின்றன. மெல்ல மெல்ல மறந்துவிடுவார்கள். மேர்வின் மட்டும்தான் கூட்டத்துக்கு வருவதில்லை.

மாமா

*

தெஹிவளை.
13.03.2025

மாமாவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

மேர்வின் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. உம்மா சொன்னா. அவரைக் கூப்பிடுவதில்லை. பத்துக் கேற்றில் ஒன்பதில் குறி இருக்கிறது. இல்லாத ஒன்று அவருடையது. அவர் வேலை செய்வதோ காணி அளக்கிறவரிடம். சுருட்டிய தாளும் நீள அடிமட்டமுமாக அவர் வீட்டுக்கு வருவதை ஹாஜியார் கண்டாராம். தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டு எல்லாரையும் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று முடிவு. இந்த மாதக் கடைசியோடு வீட்டை விடச் சொல்லியிருக்கிறார்கள். சுதர்ஷிகாவுக்கு எட்டு மாதம்.

அந்தக் கேற்றில் ஏன் குறி இல்லை என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கமரா அங்கே நின்றது. தான் நிற்கிற இடத்தைக் கமரா பார்க்காது. அதனால் அங்கே குறி தேவைப்படவில்லை. நான்தான் உங்களிடம் வேண்டாம் என்றேன்.

தலைவர் நீங்கள். அவரை வெளியேற்றும் தீர்மானத்துக்கும் கைதூக்கினீர்களா? அதை எழுத வேண்டாம். போய்ச் சொல்லுங்கள். எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள்.

ஷிஃபானா

*

கயிற்றுக்கடை ஒழுங்கை.
17.03.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். கைதூக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அதுவும் தூக்கியது மாதிரித்தான் என்று இப்போது விளங்குகிறது.

நேற்றுப் பின்னேரம் கிறிஸ்தோபரின் முற்றத்தில் சபையைக் கூட்டினேன். மேர்வினையும் ஆள் அனுப்பி அழைத்தேன். அவன் எல்லாருக்கும் பின்னால், மதிலோடு நின்றான். நான் எழும்பிச் சொன்னேன். “குறி போட்டது நான். என்ட மருமகளின்ட படத்துக்காகப் போட்டனான். மேர்வினுக்கு ஒண்டும் தெரியாது.” ஒரு சொல்லும் கூட்டவில்லை, அல்லாஹ் சாட்சி.

 பிறகு கிறிஸ்தோபர் கண்ணைத் துடைத்தார். “நோன்போட நிண்டுகொண்டு, ஒரு வேதக்காரப் பெடியனுக்காகப் பழிய தன்ட தலையில போடுறார் பாருங்கோ. இவர் மனுசன்!” கைதட்டினார்கள் மகள். நான் “இல்லை, இல்லை, உண்மை” என்று கத்தினேன். கத்தக் கத்தத் தட்டினார்கள்.

கடைக்கு ஓடிப்போய்ப் பெயின்ற் தகரத்தைக் கொண்டுவந்தேன். ஒரு பலகையில் வட்டம், புள்ளடி, அம்பு, T10. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “அச்சொட்டாக் கீறுறான். ரெண்டு மாசமாப் பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிட்டு.” அந்த மனுசனுக்கு முப்பது வருடமாகக் கதை விட்டிருக்கிறேன். நான் திமிங்கிலத்தில் ஏறி மூதூருக்குப் போனதைக்கூடப் பாதி நம்பியவர். நேற்று மட்டும் நம்பவில்லை. மேர்வின் வீட்டை விட வேண்டும் என்ற தீர்மானமும் மாறவில்லை.

கூட்டம் முடிய மேர்வின் வந்து என் இரண்டு கையையும் பிடித்தான். “அங்கிள், எனக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். ஆனா இந்த ஒழுங்கையில எனக்காகக் கதைச்சது நீங்கள் ஒராள்தான். மறக்கமாட்டன்.”  நான் என் கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றேன்.

முடிந்த படம் உதவாது. ஏற்கெனவே இருந்த குறியைத்தான் எடுத்தோம் என்பார்கள். நான் பூசிக்கொண்டிருக்கும்போது நீ கமராவைப் போட்டுவிட்டுத் திட்டினாயே, அந்தத் துண்டு உன்னிடம் இருக்குமா? இருந்தால் உடனே அனுப்பு. மாமியின் போனுக்கே அனுப்பு.

மாமா

*

கயிற்றுக்கடை ஒழுங்கை.
27.03.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். 17ஆம் திகதிக் கடிதம் கிடைத்ததா? தபால் கந்தோரில் கேட்டேன். கொழும்புக்கு இரண்டு மூன்று நாள் போதும் என்றார்கள். மாமியின் போனில் கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை. உம்மா கூப்பிட்டாவாம், வகுப்பில் இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினாயாம், மூன்று நாளும் அதே.

உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லைத்தானே? அல்லது அந்தத் துண்டு அழிந்துவிட்டதா? அழிந்துவிட்டது என்றால் சொல். வேறு ஏதாவது இருந்தாலும் சொல். நான் உன்னிடம் மறைத்த மாதிரி நீ என்னிடம் மறைக்கிறாயோ என்று யோசிக்கிறேன். அப்படி யோசிக்க வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை மேர்வின் வீட்டில் அலுமாரியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாமா

*

தெஹிவளை.
30.03.2025

அன்பு மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவது 20ஆம் திகதி பகலே கிடைத்தது, இரண்டாவது நேற்றுக் காலை.

அந்தத் துண்டு அழியவில்லை. நாற்பது விநாடி. நீங்கள் ஆறாம் இலக்கம் கீறுகிறீர்கள். பக்கத்தில் பெயின்ற் தகரம், அன்று நான் கவனிக்காதது. “மாமா, கையை எடுங்கோ, ஷொட்டில விழுது” என்று என் குரல். நீங்கள் கமராவைப் பார்த்து, “இந்த ஒழுங்கை இண்டையோட சரி” என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

பத்து நாள் அது என் கணினியில் இருந்தது. அனுப்பினால் ஊரெல்லாம் சுற்றும், மிஸ்ஸுக்கும் வரும், அனுமதி எடுத்தோம் என்று நான் வைத்த கையெழுத்து பொய் என்று தெரியும், விழா போய்விடும் என்று கணக்குப் பார்த்தேன். 13ஆம் திகதி நான் உங்களுக்கு எழுதியதை எடுத்து வாசித்தேன். போய்ச் சொல்லுங்கள், எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள். எவ்வளவு லேசாக எழுதியிருக்கிறேன்!

விழா முடியட்டும், பிறகு அனுப்பலாம் என்றும் ஒருநாள் நினைத்தேன். மாதக் கடைசி எப்போது என்று தெரிந்துகொண்டே நினைத்தேன். அலுமாரி என்று நீங்கள் எழுதிய வரியை என்னால் இரண்டாம் தரம் வாசிக்க ஏலாமல் போய்விட்டது.

நேற்று மிஸ்ஸின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவ படிவத்தைத் திருப்பித் தந்து, உண்மையை எழுதித் தரச் சொன்னா. எழுதுகிறேன். இன்று காலை துண்டை உம்மாவின் போனுக்கும் மாமியின் போனுக்கும் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது ஒழுங்கை முழுக்கப் பார்த்திருக்கும்.

மேர்வின் இன்னும் அங்கே இருக்கிறாரா?

ஷிஃபானா

*

கயிற்றுக்கடை ஒழுங்கை.
08.04.2025

அன்பு மகள் ஷிஃபானாவுக்கு,

ஸலாம். நானும் மாமியும் சுகம்.

நீ அனுப்பியது 30ஆம் திகதி காலை வந்தது. அவர்கள் 28ஆம் திகதி போய்விட்டார்கள். பெருநாளன்று பின்னேரம் கிறிஸ்தோபரின் முற்றத்தில் எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். நான் சிரிக்கிற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஹாஜியார் போனை மாமியிடம் கொடுத்துவிட்டுத் தன் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஏசவில்லை. கிறிஸ்தோபரும் ஏசவில்லை. கதிரைகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். நான் சபைத் தலைமையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். 

மூன்றாம் திகதி ஹாஜியாரும் நானும் மேர்வினைத் தேடிக் கப்பல்துறைக் கிராமத்துக்குப் போனோம். கண்டி வீதியில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். அலுமாரி உள்ளே போகாமல் வெளியே தகரத்தின் கீழ் நிற்கிறது. மேர்வின் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் ஒன்றும் பார்க்கவில்லை, அவனுக்கு ஒருவரும் அனுப்பவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் மாமியின் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு தரம் போட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்:

“ஒம்பது மாசம் ஒரே ஒழுங்கை. ‘மேர்வின், இது உன்ட வேலையோ’ எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல அங்கிள். கேட்டிருந்தா இல்லை எண்டிருப்பன். மற்ற ஆக்கள் கேக்காததுக்கு நான் என்னவெல்லாமோ காரணம் நினைச்சனான். நீங்கள் கேக்காததுக்குக் காரணம் இப்பதான் தெரியுது.”

ஹாஜியார், “மகன், வீடு அப்பிடியே இருக்கு. இண்டைக்கே வாங்கோ. பிழை எங்கட” என்றார்.

சுதர்ஷிகா வாசலில் வந்து நின்றாள். வயிற்றில் கை வைத்திருந்தாள். “வேண்டாம் ஹாஜியார். அங்க வந்தா இனி எங்கட கேற்றடியில ஆர் நிண்டாலும் எனக்குப் பயம் வரும். பிள்ளை இங்கேயே பிறக்கட்டும்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டுத்தான் சொன்னாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன வந்தாலும் பெரிதாகத்தான் வரும் என்று பயந்து மூடிவிட்டேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தோம்.

வஸ்ஸலாம்.
ஸெய்னுதீன்